மண்ணெண்ணெயில் கழுவிய ரப்பர் வளையங்கள்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் தன் மோட்டார் சைக்கிளின் பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தார். மண்ணெண்ணெய் மணம் மதில் தாண்டி வந்தது. ஆய்ந்துகொண்டிருந்த கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ரப்பரை உதுக்குள்ளை போடாதேங்கோ."

"அது தெரியும் அக்கா. உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று சிரித்தார்.

கீரைக்கே திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கான பதில் அவருக்கல்ல, உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

நாம் குடியிருந்த கோப்பாய் வீட்டில் ஞாயிறு தோறும் உங்கள் ஜப்பான் மோட்டார் சைக்கிளுக்குத்தான் உபசாரம். எனக்கு அதன்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. ஆனால் முன்சில்லுப் பிரேக்கைப் பூட்டி எண்ணெய் விடும்போது நான் இல்லாமல் முடியாது. நான் சீற்றில் ஏறியிருந்து பிரேக் பிடியை அழுத்த, நீங்கள் கீழே குந்தியிருந்து குழாய்க்குள் நின்ற காற்றை வெளியேற்றுவீர்கள்.

"பிடியும்."

"பிடிச்சிட்டன்."

"விடாதையும்... ம், இப்ப விடும்."

கலியாணமாகி ஐந்து வருடத்தில் நாம் அவ்வளவு ஒத்துப்போன வேலை வேறில்லை.

அந்த ஞாயிறு, பிரேக்குக்குள் இருந்த ரப்பர் வளையங்களைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். என் தகப்பன் வீட்டில் சைக்கிள் சாமான் எதுவானாலும் மண்ணெண்ணெயில் கழுவித்தான் பூட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் வளையங்களைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு. உங்களிடம் சொல்லவில்லை.

செவ்வாய் காலை அளவெட்டியில் உங்கள் அம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தது. "அம்மாவுக்குக் கடுமையாம். உடனை வரட்டாம்." மூத்த மகன் பால் பருக்க வேண்டுமென்று மாமியின் கட்டிலைச் சுற்றிக் காத்திருந்தார்கள். நீங்கள் சுன்னாகம் தாண்டவில்லை, முன்சில்லு இறுகி நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் பொங்கி, பிடித்த பிரேக்கை விடவில்லை. யாரிடமோ சைக்கிளை இரந்து வாங்கி மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது, மாமியின் வாயைக் கட்டியிருந்தார்கள்.

மாமியின் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று உங்கள் தங்கை எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்: "அம்மாவை விட மோட்டச்சைக்கிள் பெரிசாப் போச்சு, என்ன அண்ணை?"

அதற்கு முதல் நாள்தான் நீங்கள் தனியாக இருந்து பிரேக்கைக் கழற்றிப் பார்த்திருந்தீர்கள். "ரப்பரை மண்ணெண்ணையிலை கழுவிப்போட்டன். என்ரை விசர் வேலை," என்றீர்கள், நிலத்தைப் பார்த்தபடி. தேத்தண்ணீரோடு வாசலில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் இருந்தது நாம் இருவர்தானே. நான் வாய் திறக்கவில்லை.

தங்கை அதன்பின் எங்கள் படலையைத் திறக்கவில்லை. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அடுத்த முறை பிரேக் பூட்டும்போதும் அதே குரலில் "பிடியும், விடும்" என்றீர்கள். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

உங்கள் செத்தவீட்டுக்குத்தான் அவள் வந்தாள். உங்கள் கால்மாட்டில் இருந்து வெகுநேரம் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்து, "நான் அண்ணையை மன்னிச்சிட்டன், மச்சாள்," என்றாள்.

அதற்கும் நான் "ஓம்" என்றுதான் சொன்னேன்.