காற்று கலப்பதற்கு முன்

இன்று காலை சாமராஜநகர் பேருந்தில் மஞ்சள் வேகும் வாசனை வந்தது. சாலையோர மஞ்சள் காட்டில் யாரோ அடுப்பில் கொப்பரை ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்தினார். நான் ஜன்னலை மூடவில்லை.

அன்றும் இதே வாசனைதான். மைசூர் ஆய்வகத்திலிருந்து நாம் பறக்கவிட்ட பலூன் மேலே வெடித்து, அதில் கட்டியிருந்த சுருள் குழாய் பாராசூட்டில் உன் ஊரான கௌதள்ளிப் பக்கமே இறங்கியது. இறங்கும் வழியெல்லாம் ஒவ்வோர் உயரத்துக் காற்றையும் அடுக்கடுக்காக உள்வாங்கும் குழாய் அது. செயற்கைக்கோள் மேலிருந்து மீத்தேனை அளந்துவிடும். எந்த உயரத்தில் எவ்வளவு என்பதில்தான் தடுமாறும். "நம்ம பக்கத்துல கீழ் அடுக்கக் கொறச்சுக் காட்டுதுடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். யாரும் நம்பவில்லை. எனக்கும் பாதி நம்பிக்கைதான்.

அது விழுந்த மஞ்சள் காட்டுக்காரர் குழாய் இருந்த பெட்டியை மாட்டுக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருந்தார்.

"உள்ள என்னங்கம்மா இருக்குது?"

"காத்துங்க" என்றாய் நீ.

"வெறுங் காத்தா? அதுக்கா இப்பிடி ஓடியாறீங்க?"

"மேல இருக்கற காத்துங்க. நேரமாச்சுன்னா உள்ளுக்குள்ளயே கலந்துருமுங்க."

அவர் சிரிக்கவில்லை. "அப்பச் சாப்பாட்டுக்கு நிக்காதீங்க" என்று களியை இலையில் கட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன்; குழாயை நீ மடியில் வைத்துக்கொண்டாய். வளைவுகளில் உன் முகம் வெளுத்தது. இந்தப் பலூனுக்காக உன் இதய ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதைக் கொள்ளேகால் தாண்டித்தான் சொன்னாய்.

"ஹுச்சு, பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? நேரா ஆஸ்பத்திரிக்கே விடறேன் பாரு."

"மொதல்ல காத்த அளந்தரலாம். அப்பறம் என்னைய அளக்கட்டும்."

மாலையில் ஆய்வகத் திரையில் கோடு வந்தது. கீழ் அடுக்குகளில் நீ சொன்னபடியே மீத்தேன் அதிகம். எல்லோரும் கைதட்டினார்கள். நீ நாற்காலியில் சாய்ந்து மீதிக் களியைக் கேட்டாய்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை. முன்பே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அதை நம்ப முயல்கிறேன்.

போன வாரம் செயற்கைக்கோள் கணக்கைத் திருத்தி வெளியிட்டார்கள். நம் குழாயும் வேறு ஊர்களில் இறங்கிய குழாய்களும் சேர்ந்து செய்த வேலை. நம் பக்கத்தின் மேல் செயற்கைக்கோளின் கோடும் குழாயின் கோடும் இப்போது ஏறக்குறைய ஒட்டியே போகின்றன. உன்னிடம் காட்ட வேண்டும் என்று எழுந்தே விட்டேன். எழுந்த பிறகு எங்கே போவதென்று தெரியவில்லை.

என் தமிழில் பாதி கன்னடம் என்று கேலி செய்வாய். இப்போது கடையில், ஆட்டோவில், என்னையறியாமல் உன் 'ங்க' வந்துவிடுகிறது. "யாரோட தமிழ்டீ இது?" என்கிறாள் அம்மா. அது என்னை விட்டுப் போகாமல் இருந்தால் போதும்.