டீச்சர் நிக்கச் சொன்னாங்க

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனா தானாகப் போகிறது, எழுதியும் விடுகிறேன், ஆனால் அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது, கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொண்டால் தெரியவில்லை. பேத்திக்கு இருமல் விட்டுவிட்டதா? காலையில் காதை மூடாமல் வெளியே அனுப்ப வேண்டாம் என்று மருமகளிடம் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, மாமனாருக்கு இதே வேலை என்று நினைத்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடம் நீ படித்தபோது இருந்த மாதிரியேதான் இருக்கிறது. ஆலயத்துக்குப் பின்னால் அதே நாலு வகுப்பறை, மழை பெய்தால் பாடம் கேட்காத அதே தகரக் கூரை. தபால் ஆபீசில் ஓய்வு கொடுத்த பிறகு பள்ளி வேன் ஓட்டுவது நான்தான் என்பதால் வாரம் முழுக்க அங்கேதான் கிடக்கிறேன். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஜெபம், அந்த வாரத்து வசனத்தை உன் அம்மா கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுப்பாள், புதன்கிழமை பாட்டு, வெள்ளிக்கிழமை பெஞ்சு துடைத்து வசனத்தை ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு. தலைமையாசிரியை ஆன பிறகும் இதில் எதையும் அவள் யாரிடமும் விட்டதில்லை. கிறிஸ்துமஸ் மாதம் பிறந்துவிட்டால் எல்லாம் தலைகீழ்தான், ஜன்னலெல்லாம் காகித நட்சத்திரம், மூலையில் குடில், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை, மத்தியானக் கணக்குப் பாடம் முழுக்க நாடக ஒத்திகைக்குப் போய்விடும். கணக்கு டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், ஆனால் குடிலில் வைக்கும் ஆடுகளுக்குப் பஞ்சு ஒட்டுவதும் அவர்தான்.

இந்த வருஷம் அந்தக் கலகலப்புக்கு நடுவில்தான் நான் கவனித்தேன். ஒரு திங்கட்கிழமை அம்மா போன வாரத்து வசனத்தையே மறுபடி எழுதினாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது போன வாரமே படிச்சாச்சு" என்றாள். "தெரியும், யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்குன்னு பாத்தேன்" என்று அம்மா சமாளித்துவிட்டாள். எல்லாரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை, அவள் விரல் மோதிரத்தைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தது. அப்புறம் நாடகத்துக்குப் பாத்திரம் பிரித்தபோது தேவதூதன் வேஷத்தை மூன்று பிள்ளைகளுக்குத் தனித்தனியாக வாக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று வீட்டிலும் இறக்கை தைத்து, மூன்று தூதர்களும் ஒரே நாளில் ஒத்திகைக்கு வந்து நின்றார்கள். டீச்சர்மார் திகைத்து நிற்க, "வானத்துல ஒரே ஒரு தூதன்தான் இருக்கானா? மூணு பேரும் வரட்டும்" என்று அம்மா சொன்னாள், சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மெல்ல, "நான் மூணு பேர்கிட்டயுமா சொன்னேன்?" என்று கேட்டாள். வேலை அதிகம், உனக்குத் தூக்கம் போதவில்லை என்று ஏதோ சொல்லி மழுப்பினேன்.

வருஷா வருஷம் போகிற மாதிரி பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குப் பாட்டுப் பாட அழைத்துக்கொண்டு போனோம். வார்டு வார்டாகப் பாடினார்கள், படுத்திருந்தவர்கள் சிலர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். திரும்பும்போது அம்மா வேன் கதவருகே நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு ஏற்றினாள். "எல்லாரும் ஏறியாச்சா?" என்றேன். "ஆச்சு, எடுங்க" என்றாள். வீடு வீடாக இறக்கிவிட்டுக்கொண்டே போய்த் தையல்காரம்மா வாசலில் நிறுத்தினால், இறங்க ஆள் இல்லை. அவள் மகள்தான் பள்ளியிலேயே சின்னவள், பட்டாணி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தையல்காரம்மா பாதி தைத்த துணியோடு வாசலில் நின்று வேனுக்குள் எட்டிப் பார்த்தாளே, அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. அவளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.

பட்டாணி கீழ்த்தளத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் அவளுக்கு முன்னால் குந்தியிருந்தார். எவ்வளவோ கூப்பிட்டும் இந்தப் பிள்ளை இடத்தை விட்டு அசையவில்லை, பிஸ்கட் கொடுத்தும் வாங்கவில்லை, "டீச்சர் நிக்கச் சொன்னாங்க" என்பதையே சொல்கிறது என்றார். விஷயம் இதுதான். பாட்டுக்கு நடுவில் அவளைக் கை கழுவ அழைத்துக்கொண்டு வந்தது உன் அம்மாவேதான், இங்கேயே நில், நான் வந்து கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறாள். அதோடு சரி. பிள்ளை அழவில்லை, உன் அம்மாவைப் பார்த்ததும், "நான் நகரவே இல்ல டீச்சர்" என்று பெருமையாகச் சொன்னாள். தையல்காரம்மா அவளை அள்ளிக்கொண்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். வேனில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "நான் அவளைக் கூட்டிட்டுப் போனதே எனக்கு ஞாபகம் இல்லைங்க. ஆனா அந்தப் பிள்ளை பொய் சொல்லாது" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது மகனே. அதுவரை என் கண்ணில் பட்டதையெல்லாம் நான் தூக்கம், வேலை, வயசு என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போவோம் என்றேன், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி முடியட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன், அவளிடம் சொல்லாமல் போதகரைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷன், அம்மா பேருக்குத் தலைமையாசிரியையாக இருக்கட்டும், வேலையைக் கணக்கு டீச்சர் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளட்டும், வெளியே தெரிய வேண்டாம் என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. மறுநாள் கணக்கு டீச்சர் பள்ளிச் சாவிக்கொத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்க வந்ததில் அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, "என்னைப் பத்தி என்னை விட்டுட்டுப் பேசாதீங்க. அதுக்கெல்லாம் இன்னும் காலம் இருக்கு" என்றாள். அதற்கப்புறம் நிகழ்ச்சி நாள் வரைக்கும் வேண்டும், வேண்டாம் என்பதோடு சரி.

நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது. மூன்று தூதர்களும் ஒருவர் இறக்கையை ஒருவர் மிதித்துக்கொண்டு நற்செய்தி சொன்னார்கள், மேய்ப்பர்களில் ஒருவன் மேடையிலேயே கொட்டாவி விட்டான். நாடகம் முடிந்து கேக் வெட்டப் போகும்போது அம்மா எழுந்து முன்னால் வந்தாள். நன்றியுரை என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். "ஆஸ்பத்திரியில பட்டாணியை விட்டுட்டு வந்தது நான்தான். வேன் ஓட்டினவர் மேல தப்பில்ல, பிள்ளை மேலயும் தப்பில்ல. எனக்கு மறதி வருது. சாதாரண மறதின்னு எனக்குத் தோணல. உங்க பிள்ளைங்க பொறுப்பை இன்னிக்கே கணக்கு டீச்சர்கிட்ட கொடுக்கிறேன். எனக்கு முடியுற வரைக்கும் சின்ன வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆசைப்படறேன், அதுவும் நீங்க சரின்னாதான்" என்றாள். போதகர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஒரு குடும்பம் கேக்கை வாங்காமலே கிளம்பியது, தூதன் வேஷம் போட்ட ஒருவனை அடுத்த வருஷம் வேறு பள்ளியில் சேர்க்கப்போவதாகக் கேள்வி. தையல்காரம்மா மட்டும் கடைசி வரை நின்று அம்மாவிடம் வந்தாள். "உங்க மேல இருந்த கோவம் இன்னும் போகல டீச்சர். ஆனா பிள்ளை உங்ககிட்டதான் எழுதக் கத்துக்குவேங்கறா. வகுப்புல வச்சுக்குங்க, வெளியே எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம்" என்றாள். "அது நியாயம்தாம்மா" என்றாள் அம்மா. வீட்டுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டோம். இது வயசு மறதி இல்லை, மறதி நோயின் ஆரம்ப நிலை, மாத்திரையால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், திருப்ப முடியாது என்றார். இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னால் எவ்வளவு நாளைக்கு வாசிக்க முடியும் என்று மட்டும் கேட்டாள். அவர் மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார். இப்போது பள்ளிக்கு விடுமுறை, நட்சத்திரங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டோம், வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. ராத்திரியில் விழித்துக்கொண்டால் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். போனில் பேசும்போது அம்மாவுக்குப் பரீட்சை வைக்காதே, இதைத்தான் இப்பவே சொன்னேனே என்று சொல்லாதே. அவள் ரெண்டாம் தடவை கேட்டால் ரெண்டாம் தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொல். லீவு கிடைத்தால் வா. பண்டிகைக்கு என்று காத்திருக்க வேண்டாம், கூட்டமில்லாத ஏதாவது ஒரு சாதாரண வாரத்தில் வா, காலை வேளையில் அவள் பழைய அம்மாவாகவே இருக்கிறாள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா.

இந்தக் கடிதத்தையும் அவளுக்குத் தெரியாமல்தான் எழுத ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன், மறுபடியும் அவளை விட்டுவிட்டு அவளைப் பற்றிப் பேசுகிறேனே என்று உறுத்தியது. அதனால் முடித்து அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன், அவள் சரி என்றால்தான் தபாலில் சேர்ப்பேன். ஆண்டவர் உங்கள் மூவரையும் போகையிலும் வருகையிலும் காப்பாராக. காது மூடும் விஷயத்தை மறக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

கண்ணு, அப்பா எழுதினதுல அங்கங்க எழுத்துப் பிழை இருந்தது, திருத்திட்டேன். மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கார். — அம்மா