நிரை எந்தப் பக்கம் போகிறது

2006 மே 14, ஞாயிறு. ஹட்டன்

என் பெயர் கந்தையா இராசரத்தினம். வயது ஐம்பது நிறைந்து பதினொரு நாட்கள். சொந்த இடம் கொக்குவில். ஹட்டனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதமும் கணினியும் கற்பிக்கிறேன். இக்குறிப்பேட்டைத் தொடங்கும் நோக்கம் ஒன்றே: மூன்று ஆண்டுகளாக நான் உருவாக்கிவரும் இடைமுக மொழியைப் பற்றிய ஒவ்வொரு முடிவையும் அதன் காரணத்துடன் பதிந்து வைத்தல். பின்னொரு நாள் எவரேனும் "ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்டால் விடை இருக்க வேண்டும். சொந்த விடயங்கள் இதில் இடம்பெறா.

இடைமுக மொழி என்பது, கணினித் திரையில் எந்தப் பெட்டி எங்கே வர வேண்டும், எந்தப் பொத்தான் எதன் கீழ் நிற்க வேண்டும் என்பதை எக்ஸ்.எம்.எல். முறையில் குறிச்சொற்களாக எழுதிவைப்பது. எழுதியதைக் கணினி வாசித்துத் திரையை வரைந்துகொள்ளும். பெரிய நிறுவனங்கள் ஆளுக்கொன்றாக இப்படிப்பட்ட மொழிகளை வெளியிட்டு வருகின்றன. அவை யாவும் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. என்னுடையதில் நாற்பத்தொரு குறிச்சொற்கள். நாற்பத்தொன்றும் தமிழ்.

இதனை இதுவரை பயன்படுத்தியவர்கள்: நான்.

மே 21, ஞாயிறு

நல்லமுத்து வந்தார். கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியர். நாற்பத்து நான்கு வயது. ஞாயிறுதோறும் பத்து மணி பஸ்ஸில் வந்து பிற்பகல் வரை என் அறையில் இருப்பார். இந்த ஊரில் நான் அலுவல் அல்லாத காரணத்துக்காகப் பேசும் ஒரே மனிதர் என்று எழுதினால் அது மிகையாகாது.

இன்று அவர் கொண்டுவந்த செய்தி பெரிது. யூலையில் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் முகாம் ஒன்றைப் பாடசாலை மண்டபத்தில் நடத்தப் போகிறார்கள். விவரங்களைக் கணினியில் பதிந்து அச்சிட வேண்டும். அதற்கான திரைகளை என் மொழியில் எழுத விரும்புகிறார்கள்.

மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. பதினெட்டுப் பக்க வரையறையைக் கொடுத்தேன்.

புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். பெட்டிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கும் குறிச்சொல்லுக்கு "லயம்" என்று வைத்தால் தோட்டத்தில் எல்லோருக்கும் உடனே பிடிபடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்கள், ஒரே கூரையின் கீழ் ஒட்டியொட்டி இருக்கும் அந்த அறைகள், அப்படித்தானே நிற்கின்றன என்றார். நான் மறுத்தேன். "லைன்" என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. போதாததற்கு இசையில் லயம் வேறு பொருளில் வழங்குகிறது. ஒரு குறிச்சொல்லுக்கு இரண்டு பொருள் ஆகாது.

"நான் பொறந்ததே லயத்துலதாங்க சேர். எனக்கு அது இங்கிலீசா தெரியலியே" என்றார், சிரித்தபடி.

நான் வைத்திருக்கும் சொல் "நிரை" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "நெரைங்களா? அது நல்ல சொல்லு. எங்காளுங்க எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே."

கணிதப் பாடநூலின் சொல் தோட்டம் வரை சென்றிருப்பது எனக்கு நிறைவளித்தது.

யூன் 3, சனி

தமிழ்க் கணிமைக்கான மின்னஞ்சல் குழுவில் என் மொழியை முறைப்படி அறிவித்து ஒரு வாரம். ஒரேயொருவர் மறுமொழி எழுதியிருக்கிறார்: சிவரூபன், லண்டன். மறுமொழி அன்று, வழக்குத் தாக்கல்.

முதல் ஆட்சேபம் பெயர். "இடைமுக மொழி" என்பது இவ்வகை மொழிகள் அனைத்துக்கும் பொதுப்பெயர். அதை ஒருவர் தம் ஆக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? "பிள்ளை பிறந்ததும் அதுக்குப் 'பிள்ளை' எண்டே பேர் வைச்சால், அடுத்த வீட்டுக்காரர் தங்கட பிள்ளையை என்னெண்டு கூப்பிடுறது?"

குழுவில் பலர் சிரித்திருக்கிறார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். தமிழில் இவ்வகையில் முதலாவது என்பதால் பொதுப்பெயரே சிறப்புப்பெயராகும் தகுதி உடையது என்பது என் வாதம்.

அனுப்பிய பிறகு மீண்டும் வாசித்தேன். வாதம் சரி. ஆனாலும் அந்தப் பிள்ளைக் கதை மனத்தைவிட்டுப் போகவில்லை.

யூன் 18, ஞாயிறு

நல்லமுத்து வரவில்லை, முகாம் வேலை. அடுப்படியில் நின்றே சாப்பிட்டேன்.

சிவரூபனின் இரண்டாவது ஆட்சேபம் "திறந்த" என்ற சொல். வரையறையின் முகப்பில் "திறந்த மொழி" என்று எழுதியிருக்கிறேன். விதி ஒன்பது: எவரும் பிரதியெடுக்கலாம், மாற்றலாம்; ஆனால் மாற்றியதற்கு இப்பெயரைச் சூட்டக்கூடாது. விதி பதினான்கு: இப்பெயருடைய மொழியில் ஒரு சொல்லின் பொருளை மாற்றும் உரிமை ஆசிரியருக்கு மட்டுமே. இரண்டையும் மேற்கோள் காட்டி எழுதியிருக்கிறார்: "வாசலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வருவோர் எதையும் தொடக்கூடாது என்றால் அதன் பெயர் நூதனசாலை."

பொருள் ஆளுக்கொருவிதமாக மாறினால் மொழி எப்படி நிற்கும்? பூட்டில்லாத வீட்டில் யார் குடியிருப்பார்கள்? இதையே பதிலாக எழுதினேன்.

யூலை 9, ஞாயிறு

இன்று முகாம். வரச்சொல்லி நல்லமுத்து இருமுறை அழைத்தார். போகவில்லை. செம்மையான வரையறை இருக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. அப்படி நிற்க வேண்டி வந்தால் அது செம்மையான வரையறை அன்று.

மாலையில் தொலைபேசியில் சொன்னார்: அறுபத்தொரு விண்ணப்பங்கள். கணினி ஒரு பிழையும் காட்டவில்லையாம்.

அறுபத்தொன்று. என் சொற்களால் வரையப்பட்ட திரையில் அறுபத்தொரு மனிதர்கள் தங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கொக்குவிலில் இருக்கும் என் மனைவி சரோஜாதேவியிடம் தொலைபேசியில் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் மழையில்லாத வெக்கை என்றாள். பிறகு, "உங்கட குரல் இப்பதான் மனுசக் குரல் மாதிரிக் கேக்குது" என்றாள்.

யூலை 30, ஞாயிறு

அறுபத்தொன்றும் திரும்பி வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் தந்தை பெயரும் பிறந்த இடமும் இல்லை.

நல்லமுத்துவுடன் ஒரு பெண்மணியும் வந்தார். மீனம்மா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். முன்பு பதினாறு ஆண்டு கொழுந்து பறித்தவர். திரைக்கான கோப்பை எழுதியவர் அவர்தான். கணினி இல்லாமல், கொப்பியில், பென்சிலால். நல்லமுத்து அதை முகாமுக்கு முதல் நாள் தட்டச்சு செய்திருக்கிறார்.

கோப்பை வாங்கிப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் ஓர் ஆளின் விவரங்கள் அனைத்தையும் ஒரே நிரைக்குள் வைத்திருக்கிறார். பெயர், பிறந்த ஆண்டு, தோட்டம், தந்தை பெயர், பிறந்த இடம். என் வரையறைப்படி நிரை இடமிருந்து வலம் போவது. ஆகவே பெட்டிகள் வலப்பக்கமாக ஓடி, நான்காவதும் ஐந்தாவதும் திரைக்கு வெளியே போய்விட்டன. அச்சிலும் வெட்டுப்பட்டுவிட்டது. காலை ஆறு மணியிலிருந்து வரிசையில் நின்ற கூட்டத்தின் நெருக்கடியில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மேலிருந்து கீழாக அடுக்க "நிரல்" என்ற குறிச்சொல் இருக்கிறதே, ஏன் நிரையைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். மீனம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"நெரைன்னா மேல போறதுதானேங்கய்யா. கொழுந்து பறிக்க கீழ ரோட்டுல நின்னு நெரை புடிச்சா உச்சி மட்டும் அது நம்ம நெரை. ஒரு ஆளுக்கு ஒரு நெரை. பக்கத்துல கைய நீட்டினா அடுத்தவ சண்டைக்கு வருவா."

"கங்காணியும் ஏசுவாரு" என்றார் நல்லமுத்து.

கணிதத்தில் நிரை என்பது கிடையாகச் செல்வது என்று விளக்கினேன். பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கணக்குல இருக்கலாங்கய்யா. மலையில அப்படி இல்ல" என்றார்.

ஆறு மைல் நடந்து வந்தவர்கள் அந்த முகாமில் இருந்தார்களாம். நான் அதைக் கேட்கவில்லை. மீனம்மாவும் குற்றமாகச் சொல்லவில்லை.

என் மொழி வரையறுத்தபடியே சரியாக இயங்கியிருக்கிறது. இதைப் பதிவு செய்கிறேன்.

ஓகஸ்ட் 6, ஞாயிறு

நல்லமுத்து ஒரு கோரிக்கையுடன் வந்தார். நிரையின் பொருளை மாற்றித் தாருங்கள். அல்லது மாற்ற எங்களுக்கு அனுமதி தாருங்கள். செப்டெம்பரில் மறுபடி முகாம்.

ஒரு தோட்டத்து வழக்குக்காகப் பொருளை மாற்றினால் நாளை மட்டக்களப்பிலிருந்து ஒருவர் வந்து வேறு கேட்பார். விதி பதினான்கை எடுத்துக் காட்டினேன். வேண்டுமானால் கோப்பை நானே திருத்தித் தருகிறேன், நிரையை எடுத்துவிட்டு நிரல் போட்டு, பத்து நிமிட வேலை என்றேன்.

"அடுத்த கோப்ப யாரு திருத்துவா? ஒவ்வொருக்காவும் உங்ககிட்ட வந்து நிக்கணுமா?" என்றார். பிறகு, குரலை உயர்த்தாமல்: "அது நீங்க எங்களுக்குக் குடுத்த சொல்லு இல்லீங்க சேர். எங்ககிட்ட ஏற்கெனவே இருந்த சொல்லு. அதுக்கு இப்ப வேற அர்த்தம்னு சொன்னா எப்புடி?"

வரையறையை வாசிக்காமல் எழுதியது யார் பிழை என்று கேட்டேன்.

குடையை எடுத்துக்கொண்டார். "வாசிக்காதது எங்க தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஊற்றிக் கொடுத்த தேநீர் அப்படியே இருந்தது.

நான் என்ன பிழையாச் சொன்னனான்? கேட்டதுக்குப் பதில் சொன்னன். அவ்வளவுதானே. ஒரு மனுசன் விதி எண்டு ஒண்டை வைச்சால் அதிலை நிக்கவும் கூடாதோ?

ஓகஸ்ட் 12, சனி

மீண்டும் சண்டை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் கண்டி வீதி மூடப்பட்டுவிட்டது. பதினெட்டாம் திகதி கொக்குவிலுக்குப் போக விடுப்பு எடுத்திருந்தேன். காலையிலிருந்து சரோஜாதேவியின் தொலைபேசி எடுபடவில்லை. சொந்த விடயம் எழுதுவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தெரியும்.

ஓகஸ்ட் 20, ஞாயிறு

பத்து மணி பஸ் போனது. ஒருவரும் இறங்கவில்லை.

ஓகஸ்ட் 27, ஞாயிறு

பகல் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது கடைக்காரர் சிங்களத்தில் "மொனவத ஓனே, சேர்?", என்ன வேண்டும், என்று கேட்டபோதுதான் தெரிந்தது. என்ன வேண்டும் என்பது எனக்கு நினைவில்லை. தீப்பெட்டி வாங்கினேன்.

செப்டெம்பர் 4, திங்கள்

சரோஜாதேவியின் குரல், நாற்பது விநாடி. உயிரோடு இருக்கிறாள். மாவும் மண்ணெண்ணெயும் இல்லை. "நீங்கள் தனிய இருந்து யோசிக்காதேங்கோ, அந்த வாத்தியார் வாறவர்தானே?" என்றாள். வருகிறார் என்றேன். இது பொய், பதிந்து வைக்கிறேன்.

செப்டெம்பர் 16, சனி

மின்னஞ்சல் குழுவில் சிவரூபன் அறிவித்திருக்கிறார்: கொட்டகலையிலிருந்து புதிய மொழியொன்று வெளிவந்திருக்கிறது. பெயர் "நெரை". என் மொழியிலிருந்து பிரிந்தது.

முறையீடு எழுத உட்கார்ந்தேன். எந்த விதி மீறப்பட்டது என்று குறிப்பிட வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிரதியெடுத்திருக்கிறார்கள், விதி ஒன்பது அனுமதிக்கிறது. மாற்றியிருக்கிறார்கள், அனுமதிக்கிறது. பெயரைப் பயன்படுத்தக்கூடாது, பயன்படுத்தவில்லை. விதி பதினான்கு என் பெயருடைய மொழிக்கு மட்டுமே பொருந்தும். அது அவர்களைத் தொடாது.

பதினெட்டுப் பக்கத்தையும் இவ்வளவு கவனமாக வாசித்தவர்கள் உலகில் வேறு எவருமில்லை.

அவர்களுடைய கோப்பின் தலைப்பில் மூன்று வரி: "இது எங்க பேச்சில எழுதினது. அடித்தளம் ஹட்டன் இராசரத்தினம் சேர் போட்டது. தப்பு இருந்தா எங்களுடையது."

முறையீட்டை எழுதவில்லை. அந்த மூன்றாவது வரியை நான் ஒரு நாளும் எழுதியதில்லை.

ஒக்டோபர் 1, ஞாயிறு

பத்து மணி பஸ்ஸில் நான் ஏறினேன், எதிர்த் திசையில்.

பாடசாலை மண்டபத்தில் மூன்று கணினிகள். நல்லமுத்து என்னைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார், பழையதைப் பேசவில்லை. அறுபத்தொருவரில் ஐம்பத்தெட்டுப் பேருடைய விண்ணப்பங்கள் இம்முறை ஏற்கப்பட்டிருக்கின்றன. மூவர் இடையில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், அட்டையில்லாமலே. சோதனைச் சாவடிகளில் அவர்கள் என்ன காட்டுவார்கள்? அந்த மூவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்: ஆண்டியப்பன், மாயாண்டி, வீரய்யாவின் மகள் பிரேமினி.

மீனம்மா ஒரு முதியவரைப் பதிந்துகொண்டிருந்தார். பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, ஐந்தும் திரைக்குள். என் சொற்களில் முப்பது அப்படியே இருந்தன. மற்றவை மாறியிருந்தன. "லயம்" இருந்தது. "காம்பரா" இருந்தது.

ஒரு குறையையும் கண்டேன். பொத்தானை அவசரத்தில் இருமுறை அழுத்தினால் ஒரே ஆள் இருமுறை பதிவாகிறார். அது அவர்கள் சேர்த்த குறை அன்று. என் மொழியிலேயே முதல் நாளிலிருந்து இருப்பது. நான் மட்டும் பயன்படுத்தியவரை அவசரப்பட எவரும் இருக்கவில்லை.

குனிந்து சொல்ல வாயெடுத்தேன். மீனம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாத்தணும்னா அந்தக் கொப்பியில எழுதுங்கய்யா. எல்லாரும் அதுலதான் எழுதுறாங்க. வெள்ளிக்கிழமை எல்லாருமா கூடிப் பேசி முடிவெடுப்போம்."

மேசையில் நூறு பக்கக் கொப்பி. இருபத்திரண்டு கோரிக்கைகள், பலவிதக் கையெழுத்துகளில். பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் "சரி". சிலவற்றுக்கு "வேணாம்", காரணத்தோடு.

"நீங்களும் வெள்ளிக்கிழமை வாங்களேன் சேர்" என்றார் நல்லமுத்து. "ஆனா கை தூக்கி முடிவெடுக்குறப்ப ஒங்களுக்கும் ஒரு கைதான். எங்களுக்கும் ஒரு கைதான்."

கொப்பியைத் திறந்து பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அவசரத்தில் எழுதினால் தெளிவாக வராது.

இனி நான் செய்யப்போவது: இன்று பிற்பகல் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதி "இடைமுக மொழி" என்ற பெயரை எல்லோருக்குமாக விட்டுக்கொடுப்பேன், விதி பதினான்கை நீக்குவேன். வெள்ளிக்கிழமை கல்லூரி விட்டதும் கொட்டகலைக்குப் போவேன். இருபத்து மூன்றாவது கோரிக்கையை, மீனம்மாவுக்கு ஒரே வாசிப்பில் விளங்கும்படி, ஐந்து வரிக்குள் எழுதுவேன். பிழை என்னுடையது என்பது முதல் வரியாக இருக்கும். பிறகு மற்றவர்களோடு உட்கார்ந்து, என் முறை வரும்போது கையை உயர்த்துவேன். அவர்கள் வேண்டாம் என்றால், காரணத்தை வாசிப்பேன்.