கடைசி வரிசைக் கொக்கி

என் தனத்துக்கு,

காவிரித் தண்ணீருக்காக நம் ஊரில் கடைகளை எரித்தார்களே, வாசலில் நின்று தமிழில் பேசவே பயந்தோமே, அந்த வருடம்தான். ஊரடங்கு தளர்ந்ததும் நீ பிரேசர் டவுனுக்குச் சமையல் வேலைக்குப் போனாய். அந்த வீட்டு ஆங்கிலோ இந்திய மேடம் தன் பழைய இடுப்பு பெல்ட்டை உனக்குக் கொடுத்தார். கெட்டித் துணி, உள்ளே கம்பி, முதுகில் மூன்று வரிசைக் கொக்கி.

செல்வி பிறந்தபோது பழைய வேட்டியால் உன் வயிற்றைக் கட்டிவிட ஆளில்லை. அதனால்தான் வயிறு தள்ளிவிட்டது என்று இரண்டு பேருமே நம்பினோம். இப்போதாவது கட்டலாமே என்று தினமும் காலையில் நான்தான் கொக்கி மாட்டினேன்.

"ஏன்யா, கொக்கி போடச் சொன்னா மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரி அடிக்கிற?"

"சோத்தைக் குறைடி, தானா மாட்டும்."

"இது சோறு இல்லய்யா, வாயு. ஒரு சோடா குடிச்சா போயிடும்."

முதலில் உள்வரிசையில் மாட்டியது. பிறகு நடுவரிசை. பிறகு கடைசி வரிசையும் எட்டவில்லை. உன் முதுகில் முழங்காலை வைத்து இழுத்தேன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வயிற்றுக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

"இத்தனை நாளா எப்படித் தெரியாம இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். என்ன சொல்ல? எனக்கு எழுத்துதான் தெரியாது தனம், வரிசை எண்ணத் தெரியுமே.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறாயா? செல்வி மல்லேஸ்வரத்தில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். யூனிஃபார்ம் சேலைக்கு உள்ளே வயிற்றை இறுக்கிக் கறுப்பாக ஒன்று போடுகிறாள், ஷேப்பராம். கொடியில் காயும்போது தொட்டுப் பார்த்தேன். கொக்கியே இல்லை. இழுத்த இழுப்புக்கு விரிகிறது. உள்ளே என்ன வளர்ந்தாலும் யாருக்கும் காட்டாது.

சாயங்காலம் வந்து அதைக் கழற்றியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. கேட்டால், "வாயுப்பா" என்கிறாள். வளர்ந்த மகளிடம் அதற்குமேல் அப்பன் என்ன கேட்பது?

அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். வருஷா வருஷம் உன் நினைவு நாளுக்குத் தமிழ்ச் சங்க மலரில் வரும் கடிதத்தை, நான் சொல்லச் சொல்ல அவள்தானே எழுதுகிறாள்? இதையும் அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, இதெல்லாம் எழுத முடியாது. தெருவே படிக்கும்."

"நான் உங்கம்மாகிட்ட பேசறேன். நீ எழுதும்மா."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்ப்பா."

"ஆமா, பயம்தான். அதையும் எழுது. எத்தனை நாளா இப்படி இருக்கு?"

நான் எதுவும் சொல்லாமலேயே பேனா ஓடுகிறது.

அம்மா, நாலு மாசமா வயித்துல கல்லு மாதிரி ஒண்ணு கையில தட்டுது. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எனக்கும் பயமா இருக்கும்மா.

என்ன எழுதினாய், படித்துக் காட்டு என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மாவுக்குத்தான் எழுதினேன், உனக்கா?" என்கிறாள். நான் மறுபடி கேட்கவில்லை. அவள் முகமே போதும்.

தனம், விடிந்ததும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். வேலைக்கு லீவு கிடைக்காது என்பாள், திட்டுவாள், திட்டட்டும். உள்ளே விடாவிட்டால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருப்பேன், ஆனால் எழுந்து போகமாட்டேன்.

மேடம் போய்விட்டார். உன் அக்கா போனாள். என் தம்பிகள் இருவரும் போனார்கள். கோபித்துக்கொள்ளாதே, நீ கூப்பிட்டாலும் இவளை அனுப்பமாட்டேன். எனக்கென்று உயிரோடு மிச்சம் இருப்பவள் இவள் ஒருத்திதான்.

உன் வீட்டுக்காரன்,
நம் செல்விக்கு அப்பன்.