ஆட்டுக்குடல் மட்டை

விழுப்புரம்
8.2.1964

ஒரு காலத்தில் எனக்குத் தாலி கட்டியவருக்கு,

உங்கள் கிளப் அழைப்பு வந்தது. டென்னிஸில் ராஜ்ய சாம்பியனான நான் திண்டிவனத்தில் ஒரு காட்சிப் பந்தயம் ஆட வேண்டுமாம். கீழே காரியதரிசியாக உங்கள் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக. தலைவர் சொல்லி, வேறு வழியில்லாமல் போட்டிருப்பீர்கள்.

ரயில்வே காலனியிலிருந்து உங்கள் சைவ வீட்டுக்கு நான் ஆசையாகக் கொண்டுவந்தது ஒரு டென்னிஸ் மட்டைதான். அதன் நரம்பு ஆட்டுக்குடலில் திரித்தது என்று அத்தைக்கு யார் சொன்னது? கிளப்பில் நான் உங்களை ஜெயித்த மறுநாள்தானே அவர்களுக்கு அது தெரிந்தது!

“ஆட்டுக் கொடல வூட்ல வெச்சிகினு எப்டிடி வெளக்கேத்துவ?” என்று கேட்டு, அதை வெந்நீர் அடுப்பில் செருகினார்கள். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மட்டையிலும் அதே குடல்தான். அதை நைலான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கிளப் ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தீர்கள். நான் உங்களைக் காட்டிக்கொடுக்காமல் அப்பா வீட்டுக்கு ரயிலேறினேன். அந்த ஆட்டம்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது.

வருகிறேன். என்னை எதிர்த்து நீங்கள்தான் ஆட வேண்டும் என்று தலைவருக்கு எழுதினேன், சம்மதித்துவிட்டார். அத்தையையும் அவரே காரில் அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறார்.

ஆட்டம் முடிந்ததும் உங்கள் மட்டையை வாங்கி அத்தை மடியில் வைப்பேன். நரம்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அத்தனை பேர் முன்னால் நீங்களே சொல்லுங்கள்.

வெந்நீர் அடுப்பு இன்னும் இருக்கிறதல்லவா?

இப்படிக்கு,
உங்களிடம் ஒரு முறையும் தோற்காதவள்