நிலநடுக்க வகுப்பில் எனக்கும் ஓர் இடம்

அனுப்புநர்:
இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி (மாலைநேரக் கல்லூரி),
தற்போது தங்கியிருப்பது: மகளிர் விடுதி, மூன்றாம் மாடி, மாடிப்படிக்கு அடுத்த அறை.

பெறுநர்:
உயர்திரு ஒருங்கிணைப்பாளர் அவர்கள்,
வெளிநாட்டுப் பருவப் படிப்புப் பிரிவு,
பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: வருகை மாணவியாகத் தேர்வான என்னை, என் மகளுக்குத் துணையாக வந்த உறவினர் என்று தங்கள் பிரிவு பதிவு செய்து அனுப்பியது குறித்தும், வெள்ளிக்கிழமைக்குள் அதைத் திருத்தித் தர வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்தது உண்மை. வந்து, இருந்து, போயும் விட்டது. சென்ற வியாழக்கிழமை முதல் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆகவே இதில் எங்கேனும் சொற்கள் முந்திக்கொண்டு வந்து விழுந்தால், மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாமல் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளர். வயது நாற்பத்தெட்டு. என் மகள் தங்கள் பல்கலைக்கழகத்தின் பகல்நேரக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த அதே ஆண்டு நானும் மாலைநேரக் கல்லூரியில் அதே பாடத்தில் சேர்ந்தேன். வீட்டில் பாடப்புத்தகம் ஒன்றுதான். பகலில் அது அவளுடன் போகும், மாலையில் என்னுடன் வரும். யார் எந்த வரிக்கு அடிக்கோடு போடுவது என்பதில் எங்களுக்குள் வராத சண்டை இல்லை. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர்தான் இரண்டு வண்ணப் பேனா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்து வைத்தார்.

2. சென்ற ஆண்டு தங்கள் பிரிவின் அறிவிப்புப் பலகையில், வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கச் செல்லும் மாணவர்களுக்குத் திறந்துள்ள பாடங்களின் பட்டியல் ஒட்டப்பட்டது. மாலை வகுப்புக்கு வந்தவள் வகுப்புக்குப் போகாமல் அதன் முன்னால் நின்றேன். மேகங்களைப் பற்றி ஒரு பாடம், கண்ணாடியைப் பற்றி ஒரு பாடம், பனிக்கட்டியைப் பற்றி ஒரு பாடம். இப்படியெல்லாம் தனித்தனியாகப் படிக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மிட்டாய்க் கடை வாசலில் நிற்பவளைப் போல நின்றேன் என்று சொன்னால் தாங்கள் நகைக்கக் கூடாது. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் நிலநடுக்கவியல் இருந்தது. அதை வாசித்த பிறகு மற்றவை எல்லாம் மறந்துவிட்டன.

3. நேர்காணலில் தாங்களே என்னைக் கேட்டீர்கள். தங்களுக்கு நினைவிருக்கும். "இந்த வயசுல எதுக்கும்மா அவ்வளவு தூரம்?" என்றீர்கள். "பூமி நடுங்குறதை உக்காந்த இடத்துலயே அளக்குறாங்களாம் ஐயா. நம்ம கல்லூரியில அந்தப் பாடம் கிடையாது. போய்க் கத்துக்கிட்டு வரேன்" என்றேன். தாங்கள் சிரித்தீர்கள், தேர்வுக் கடிதத்தில் கையொப்பமும் இட்டீர்கள். என் மகளும் தனியே விண்ணப்பித்துத் தனியே தேர்வானாள். அவள் கேட்டது கண்ணாடிப் பாடம். அதில் இடம் நிரம்பிவிட்டதால் அவளுக்கும் நிலநடுக்கவியலே கிடைத்தது. "உலகத்துல இத்தனை பாடம் இருக்கு, இதுலயும் நீ என் பக்கத்துலயாம்மா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

4. தவறு நடந்தது இதற்குப் பிறகு. எங்கள் இருவருக்கும் முகவரி ஒன்று. அவளுக்கு அப்பா பெயர், எனக்குக் கணவர் பெயர், ஆகவே தலைப்பெழுத்தும் ஒன்று. தங்கள் பிரிவில் பெயர்களைத் தட்டச்சு செய்தவர், ஒரு தாயும் மகளும் படிக்கப் போகக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவில்லை போலும். மகள் மாணவி, தாய் துணை என்று எழுதி அனுப்பிவிட்டார்.

5. இந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வந்து இறங்கியதும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கதவில் காட்டினால் திறக்கும் அட்டை. என் மகளின் அட்டை நூலகத்தைத் திறந்தது, வகுப்பறையைத் திறந்தது, கணினிக் கூடத்தைத் திறந்தது. என் அட்டை விடுதி வாசலையும் துணி துவைக்கும் அறையையும் திறந்தது. நூலகக் கதவில் நான் அட்டையைக் காட்டக் காட்ட அது சிவப்பு விளக்கைக் காட்டியது. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் தத்தம் அட்டையைக் காட்டி என்னை உள்ளே விட முன்வந்தார்கள். நான் போகவில்லை. என்னுடைய கதவு என்னுடைய அட்டைக்குத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன்.

6. தங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த எழுத்தர், "பொண்ணு படிக்கட்டும், நீங்க ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வாங்கம்மா. இந்த வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மறுமுறை பேசியபோதும் அதையே சொன்னார். இங்குள்ள வருகை மாணவர் மேசையில் இருக்கும் அம்மையாரிடம் தேர்வுக் கடிதத்தைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். ஆனால் எங்கள் பல்கலைக்கழகம் அனுப்பிய பெயர்ப் பட்டியலே தம்மைக் கட்டுப்படுத்தும் என்றும், அதை அனுப்பியவர்களே திருத்தினால்தான் தாம் எதுவும் செய்ய முடியும் என்றும் வருத்தத்தோடு தெரிவித்தார். உறவினர்களுக்கான வகுப்புகளில் சேரும்படி யோசனையும் கூறினார். சேர்ந்தேன். கேக் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். கேக் நன்றாகவே உப்பி வந்தது. அந்த வகுப்பின் மீது எனக்கு யாதொரு புகாரும் இல்லை.

7. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நிலநடுக்கவியல் பேராசிரியையிடம் நேரில் போய் நின்றேன். அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டை சரியாகும் வரை விருந்தினராக உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். என் மகள் மட்டும் ஒரு நிபந்தனை விதித்தாள். "நீ முதல் வரிசை, நான் கடைசி வரிசை. வகுப்புல நாம யாரோ எவரோ." ஒப்புக்கொண்டேன். இருபது வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

8. கருவி இருப்பது நிலத்தடி அறையில். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், காலுறையோடுதான் நடக்க வேண்டும், கதவைச் சாத்தினால்கூடக் கருவிக்குத் தெரிந்துவிடும். தரையோடு ஒட்டாத தனித் தூண் ஒன்றின் மீது, குக்கர் அளவில் ஒரு பெட்டி. அவ்வளவுதான். பக்கத்துத் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். இடைவேளைகளில் ஒவ்வொருவராக அதற்குக் காவல் இருக்க வேண்டும். என் முதல் முறையிலேயே கோடு கிடுகிடுவென்று ஆடியது. நான் பேராசிரியையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தவர், அது அடுத்த கட்டடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் பிழிந்து ஓய்வது என்றார். வகுப்பே சிரித்தது. கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

9. இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். மதிய இடைவேளை. மற்றவர்கள் மேலே சாப்பிடப் போயிருந்தார்கள். காவல் என்னுடையது. கோடு சட்டென்று நடுங்கியது. எழுந்தேன், உட்கார்ந்தேன். மறுபடியும் சிரிப்பை வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். உண்மையான நிலநடுக்கம் என்றால் முதல் அலை வந்த பிறகு, மெதுவாக நடந்து வரும் இரண்டாம் அலையும் வர வேண்டும். வெகு தொலைவு என்றால் வெகு நேரம் கழித்து வரும். ஆகவே காத்திருந்தேன் ஐயா. கோடு அடங்கிப் போய்விடும் போல இருந்தது. கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று. பிரசவ அறையில்கூட நான் அப்படிக் கையைப் பிசைந்ததில்லை. நான்கு நிமிடம் ஆகும் நேரத்தில் கோடு எழுந்து, திரையின் மேல் விளிம்பைத் தொட்டு, கீழ் விளிம்பைத் தொட்டு ஆடியது. வந்துவிட்டது. இரண்டாம் அலை வந்தேவிட்டது.

10. பேராசிரியையைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது என் மகளை வீட்டில் கூப்பிடும் பெயர். "குட்டிமா! ஓடி வாடி!" அவள் மேல்படியில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரோ எவரோ என்பதெல்லாம் அந்த நொடியில் பறந்தது. தடதடவென்று இறங்கி வந்தாள். அவள் படியிறங்கிய அதிர்வும் பெரிய அலையின் மேல் சின்னச் சின்னப் பற்களாக அந்தக் கோட்டில் பதிவாகியிருக்கிறது. "அம்மா, ஸ்கேலை எடு! நீ இடைவெளியை அள, நான் தூரம் போடுறேன்!" என்று ஊர் கேட்கக் கத்தினாள். பின்னால் வந்த பிள்ளைகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "அம்மா" என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

11. நான் அளந்தேன். பதற்றத்தில் முதலில் தப்பாக அளந்தேன். அந்தக் கணக்குப்படி பக்கத்துப் பேருந்து நிலையமே இடிந்திருக்க வேண்டும். மகள் முறைத்தாள். மறுபடி அளந்தேன். இரண்டாயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று வந்தது. எங்களுக்கு முதலில் தோன்றியது பயம்தான். அங்கே மனிதர்கள் இருப்பார்களே என்று இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். சிறிது நேரத்தில் மற்ற நிலையங்களின் அறிவிப்பு வந்தது: நடுக்கடலுக்கு அடியில், யாருக்கும் சேதமில்லை, தூரம் ஏறக்குறைய நாங்கள் சொன்னதே. அதன் பிறகுதான் நான் அழுதேன். அத்தனை தொலைவில், தண்ணீருக்கும் அடியில், பூமி ஒரு முறை சிலிர்த்துக்கொண்டதை நான் காலுறையோடு நின்று பார்த்திருக்கிறேன். இதைச் சொல்ல வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், அவர் கடையில் இருந்த வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்.

12. இந்த மகிழ்ச்சியே எனக்கு வினையாகவும் வந்தது. பேராசிரியை எங்கள் இருவரையும் பாராட்டி இங்குள்ள அலுவலகத்துக்கு எழுதினார். அலுவலகம் உடனே விழித்துக்கொண்டு, பதிவு பெறாத உறவினர் கருவி அறைக்குள் எப்படி வந்தார் என்று கேட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை முதலே நான் உள்ளே போகத் தடை. வரும் வாரம் வகுப்பு முழுவதும் ஒரு கல்குவாரிக்குப் போகிறது. அங்கு பாறைக்கு வெடி வைக்கும்போது மலையைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் கருவி வைத்து, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அளப்பார்கள். பதிவு பெற்றவர்கள் பதினோரு பேர். பன்னிரண்டாவது கருவிக்கு ஆள் இல்லை. பேராசிரியை அந்த இடத்தில் வேறு யார் பெயரையும் எழுதாமல் வைத்திருக்கிறார்.

13. இதற்கிடையே என் மகள் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அவள் வருகை மாணவர் மேசைக்குத் தனியே போய், "ஒரு வீட்டுக்கு ஒரு மாணவி, ஒரு துணைன்னுதானே உங்க கணக்கு? அப்போ எங்க அம்மாவை மாணவின்னு போடுங்க. என்னைத் துணைன்னு எழுதிக்கோங்க. கேக் வகுப்புக்கு நான் போறேன்" என்று சொல்லி, கையெழுத்திட்ட தாளும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த அம்மையார் எனக்குத் தகவல் சொன்ன பிறகே தெரியும். அறைக்கு வந்ததும் கடிந்துகொண்டேன். "நீ பார்த்த மாதிரி நான் அந்தக் கோட்டைப் பார்க்கலம்மா. நீ போ" என்றாள். வண்ணப் பேனாவுக்குச் சண்டை போட்டவள் ஐயா. அன்றிரவே இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

14. அந்த அம்மையாரும் எங்கள் பக்கம்தான் இருக்கிறார். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு வரி மின்னஞ்சலில் வந்தால் போதும், அந்த நிமிடமே என் பெயரை மாணவியர் வரிசையில் ஏற்றிவிடுவதாக உறுதி கூறியுள்ளார். பாடப் பதிவு வெள்ளிக்கிழமை மாலையோடு முடிகிறது.

ஆகவே, தாங்கள் கையொப்பமிட்ட தேர்வுக் கடிதத்தின்படி என்னை வருகை மாணவியாகத் திருத்தி, அத்தகவலை இப்பல்கலைக்கழகத்துக்கு உடனடியாக அனுப்பித் தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தட்டச்சு செய்தவர் மீது நடவடிக்கை ஏதும் வேண்டாம். இனி ஒரு தாயும் மகளும் விண்ணப்பித்தால் ஒரு முறை கேட்டுவிட்டு எழுதச் சொன்னால் போதும்.

மேலும், என் மகள் கொடுத்த தாள் தங்கள் பார்வைக்கு வருமானால், அதைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதை நாங்கள் வீட்டோடு வைத்துக்கொள்கிறோம் ஐயா. பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு இரண்டு இடம் வேண்டும்.

தங்கள் ஒரு வரிக்காக வருகை மாணவர் மேசைக்கு எதிர் பெஞ்சில் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மாணவி

நாள்: செவ்வாய்க்கிழமை, பாடப் பதிவு முடியும் வாரம்
இடம்: மகளிர் விடுதி

இணைப்பு: தேர்வுக் கடிதத்தின் நகல், பேராசிரியையின் பாராட்டுக் கடிதம்.