மேலே சூடேறினால் கீழே குளிருமா

மண்ணரை, திருப்பூர்

அன்புக் கண்ணு தமிழ்மதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கடலோர ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், அதனால்தான் தாளில் எழுதி அதைப் படம் பிடித்து அனுப்ப உன் அம்மாவிடம் சொல்கிறேன், முழுக்கப் படி.

நீ சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. வட துருவத்துக்கு மேலே, விமானம் பறப்பதைவிட வெகு உயரத்தில், குளிர்காலம் பூராவும் காற்று நம் நிட்டிங் மெஷின் மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. கீழேயிருந்து பெரிய அலைகள் ஏறிப்போய் மோதியதில் அந்தச் சுற்று தளர்ந்து இப்போது எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. காற்று அமுங்கி இறங்கியதில் சைக்கிள் பம்பு சுடுகிற மாதிரி சில நாளிலேயே ஐம்பது டிகிரி சூடேறியிருக்கிறது, அதற்கும் மேலே உங்கள் ஆராய்ச்சிக் கருவி பார்க்கிற உயரத்தில் மாறாகக் குளிர்ந்திருக்கிறது. இந்தக் கலக்கம் இரண்டு மூன்று வாரத்தில் கீழே இறங்கினால், துருவத்தில் அடைபட்ட குளிர் உங்கள் பக்கம் வழியும். இறங்காமலும் போகலாம் என்றாய். அந்தக் கடைசி வார்த்தையில்தான் கண்ணு என் உயிர் தொங்குகிறது.

ஹாம்பர்க் பையர் ஆர்டரை நிறுத்தியதில் உள்பக்கம் நூல் வளையமாக நிற்கிற லூப் துணி குடோன் நிறையக் கிடக்கிறது. அதை ரைசிங் மெஷினில் விட்டு அந்த வளையத்தைக் கீறி முடி கிளப்பினால் குளிருக்குப் போடுகிற ஹூடி தைத்து விமானத்தில் அனுப்பலாம், குளிர் விழுந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். விழாவிட்டால் இந்த வெயில் ஊரில் அதை யார் தொடுவார்கள். ரைசிங் மெஷின் வைத்திருக்கும் டேனியல், ஏனுங்கண்ணா, ஒருக்கா முடியக் கெளப்பீட்டா மறுபடி படுக்க வெக்க முடியாதுங்க, யோசிச்சுக்கோங்க என்கிறான். தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் நாகஜோதி, அண்ணே, வேல இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, நாங்க எங்க ஊரு உசிலம்பட்டிக்கே மூட்டையக் கட்டிர்றோம் என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறாள். அவர்கள் போனால் லைன் திரும்பச் சேராது, கம்பெனி கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அந்தப் பதற்றத்தில்தான் பையரிடம், என் பெண் உங்கள் நாட்டில் மேல்காற்றை ஆராய்கிறாள், குளிர் நிச்சயம் என்று அடித்துச் சொன்னேன். தயங்கிப் பேசினால் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்று பழகிய வாய். அவர், அப்படியானால் அவளையே எழுதித் தரச் சொல் என்று பிடித்துக்கொண்டார். நீயோ, மூணு தடவைல ரெண்டு தடவதான் கீழ எறங்குமுங்கப்பா, நிச்சயம்னு கையெழுத்துப் போட என்னால ஆகாதுங்க என்றாய். பெற்ற அப்பனுக்கு ஒரு வரி எழுதமாட்டாயா என்று கேட்டுவிட்டேன், அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

நீ எழுத வேண்டாம். இன்று காலை அவரிடம் நீ சொன்னதையே சொன்னேன், அப்படியென்றால் உன் பொறுப்பு என்று போனை வைத்துவிட்டார். லூப்பாகவே கிடந்தாலும் வாங்க ஆளில்லை, துணி நாளைக்கு டேனியலிடம் போகிறது. உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்ற என்னைப் பார்த்து, புள்ளை இருக்கற ஊருக்குக் குளிரு வரோணும்னு வேண்டற அப்பனை இப்பத்தான் பாக்கறேன் என்று அழுகிறாள். வேண்டத்தான் செய்கிறேன் கண்ணு, வேறு வழி தெரியவில்லை.

சாமி உன்னை ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும். தைக்கிற முதல் ஹூடி உனக்குத்தான் வருகிறது, உள்ளே பனியன் போட்டு அதைப் போட்டுக்கொள். நான் கேட்ட குளிர் வந்தால் முதலில் உன்மேல்தானே விழும்.

உன் அப்பா
பூபாலன்